திருஞானம் சேர் எனக்குப் போட்ட இரண்டு புள்ளி

கலாநிதி திருஞானம் இறந்த செய்தி வந்தபோது நான் மூன்றாம் மாடிப் படியில் தண்ணீர் வாளியோடு நின்றேன். எங்கள் தொடர்மாடியில் மோட்டர் பழுதாகி இரண்டு நாளாகியிருந்தது. மேல்மாடிக் கதவைத் திறந்துகொண்டு அவருடைய மனைவி, எங்களுக்கு அன்ரி, வெளியே வந்தார். "பிள்ளை, சேர் எழும்புறார் இல்லை. அம்மாவைக் கூப்பிடு" என்றார். அம்மா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு அழுகை வரவில்லை. நான் நினைத்தது ஒன்றைத்தான். என்னுடைய கசெற் இப்போது எங்கே இருக்கும்?

அவரை அறிந்தவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் நினைவு மலருக்கு ஏற்கெனவே ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். "ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையும் எழுதினால் வடிவாயிருக்கும்" என்று அன்ரி கேட்டார். வழிகாட்டி, ஒளிவிளக்கு, ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அன்ரி வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். அதில் ஒரு வசனம்கூட உண்மை இல்லை. உண்மையானதை, அம்மா நித்திரையான பிறகு, கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். வீடு சோதிக்க வருகிற ஆமியும் பொலிசும் கடிதங்களைப் பார்ப்பார்கள், புகைப்படங்களைப் பார்ப்பார்கள். கணிதக் கொப்பியை இதுவரை ஒருவரும் புரட்டியதில்லை.

அவருடைய வேலையைப் பற்றி, உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் நான்கு பேர் பேசினார்கள். ஒருவர் பேச்சும் எங்கள் மாடிக்காரர்களுக்கு விளங்கவில்லை. நான் விளக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் தன் தாய்மொழி அல்லாத இன்னொரு மொழியை எவ்வளவு கதைப்பார் என்று அளப்பதுதான் அவருடைய வேலை. படிப்பிப்பது அல்ல, அளப்பது. அதற்காக இங்கிலாந்துக்குப் போய்ப் பட்டம் எடுத்து வந்தவர். இருபது வருடமாகப் பல்கலைக்கழகத்தில் இருந்து ஓர் அட்டவணை செய்தார். அதில் ஆறு படிநிலை. தனித்தனிச் சொல்லாகக் கதைத்தால் ஒன்று. அந்த மொழிக்காரரே சந்தேகப்படாத மாதிரிக் கதைத்தால் ஆறு. தமிழ் உத்தியோகத்தர்களுக்குச் சிங்களமும் சிங்கள உத்தியோகத்தர்களுக்குத் தமிழும் எவ்வளவு தெரியும் என்பதை இந்த அட்டவணை சொல்லுமாம். அது தெரிந்தால் நாட்டின் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று ஒரு நாள் படியில் வைத்து அம்மாவிடம் சொன்னார். அம்மா அப்போது மண்ணெண்ணெய் வரிசையில் மூன்று மணித்தியாலம் நின்றுவிட்டு வந்திருந்தார்.

கதவில் "கலாநிதி" என்று எழுதாமல் "டொக்டர்" என்று ஆங்கிலத்தில் பலகை மாட்டியிருந்தார். கீழ்த்தட்டில் இடியப்பம் அவித்து விற்கும் செல்வி அக்கா கொட்டாஞ்சேனையில் இருந்து புதிதாக வந்தவர். ஒரு மாலை அவருடைய மகள் காய்ச்சல் ஏறிப் பிதற்றத் தொடங்கினாள். ஊரடங்கு போடப்போகிறார்கள் என்று கதை. அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறி அந்தப் பலகைக் கதவைத் தட்டினார்.

"டொக்டர் ஐயா, புள்ளைய ஒருக்கா பாருங்க."

சேர் கதவைப் பாதி திறந்தார். "நான் அந்த டொக்டர் இல்லை" என்றார்.

"அப்ப எந்த டொக்டர்?"

"மொழிக்கு."

செல்வி அக்கா பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "மொழிக்குக் காய்ச்சல் வந்தா உங்ககிட்ட வாறன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். சேரிடம் அப்போது பனடோல் இருந்தது. அன்ரி பிறகு ஒளித்துக்கொண்டு வந்து கொடுத்தார். சேர் அன்றிரவு சாப்பாட்டு மேசையில், பிள்ளை காய்ச்சலில் தமிழும் சிங்களமும் கலந்து பிதற்றியது மிகவும் சுவாரசியமான விஷயம் என்று சொன்னாராம்.

காலி வீதி என்ற பெரிய ரோட்டில், ஆமி மறிப்பில் நடந்ததை எங்கள் மாடியில் எல்லாரும் அறிவார்கள். ஆனால் அதை மலரில் யாரும் எழுதவில்லை. ஒரு சனிக்கிழமை அவரும் செல்வி அக்காவும் நானும் ஒரே நேரத்தில் சந்தைப் பக்கத்தில் இருந்து வந்தோம். சிப்பாய் ஒருவன், என் அண்ணாவின் வயதுதான் இருக்கும், சேரை மறித்து எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான். சேர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். வானொலியில் செய்தி வாசிப்பார்களே, அப்படி ஒரு சிங்களம். வீட்டுக்குப் போகிறேன் என்பதை அவர் சொல்லி முடிக்கப் பேருந்து ஒன்று வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. சிப்பாய் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பிறகு மற்றவனைக் கூப்பிட்டு, இங்கே வந்து இந்த ஆளைக் கேள் என்றான். இரண்டு பேரும் அவரைத் திரும்பவும் சொல்லச் சொன்னார்கள். சேர் திரும்பவும் சொன்னார், இன்னும் நீளமாக. அதற்குப் பிறகு அவர்களுக்குச் சிரிப்புப் போய்ச் சந்தேகம் வந்தது. பையை அவிழ்க்கச் சொன்னார்கள். சேர் அவிழ்க்கக் கத்தரிக்காய் உருண்டு ரோட்டில் போனது.

செல்வி அக்கா நடுவில் புகுந்தார். "மல்லி, மல்லி, இது எங்க மாடி மாத்தயா. இஸ்கோலே மாத்தயா" என்று சிப்பாயைத் தம்பியாக்கி, சேரைப் பள்ளிக்கூட வாத்தியாராக்கித் தொடங்கி, பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாக ஏதோ சொல்லி, இரண்டு பேரையும் சிரிக்கவைத்து, கத்தரிக்காயையும் அவர்களைக் கொண்டே பொறுக்கவைத்தார். ஐந்து நிமிடத்தில் நாங்கள் லேனுக்குள் வந்துவிட்டோம்.

லேனில் வைத்து சேர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "கவனிச்சியோ பிள்ளை? அவவின்ரை சிங்களம் இரண்டாம் படிநிலை. அதுக்கு மேல வராது."

நன்றி என்ற சொல் ஆறு படிநிலையில் எதிலும் இல்லைப் போலிருக்கிறது.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். போன பள்ளிக்கூட விடுமுறையில் தொடர்மாடிப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சிங்களத்தில் கதைக்கவைத்துக் கசெற்றில் பதிந்தார். பதிந்தால் ஒரு பக்கற் கிரீம் பிஸ்கற். அம்மா அவருடைய வீட்டுக்குக் கீழேயுள்ள வீட்டில் ஓர் அறையைத்தான் வாடகைக்கு எடுத்திருக்கிறார். யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறவர்கள் பொலிசில் பதியவேண்டும்; அந்தப் பதிவுக்கு எங்களைத் தெரியும் என்று கையெழுத்து வைத்தவர் சேர். ஆகவே போகமாட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அவர் கேட்ட கேள்வி இது: "உன் வாழ்க்கையில் நீ ஆகக் கூடப் பயந்த நாளைப் பற்றிச் சொல்." எல்லாப் பிள்ளைகளிடமும் அதையே கேட்டார். ஏன் என்று பிறகு பெருமையாக விளக்கினார். "பயத்தைப் பற்றிக் கதைக்கேக்கை ஆக்கள் தங்களை அளக்கினம் எண்டதை மறந்துபோவினம். அப்பதான் உண்மையான மொழி வெளியில வரும்." அவர் சொன்னது சரி. எனக்கு றெக்கோடர் மறந்துவிட்டது.

எங்கள் வீட்டில் ஒரு பொய் இருக்கிறது. அண்ணா கனடாவில் இருக்கிறான். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த நாளில் இருந்து அம்மா அதை எனக்குப் பாடமாக்கினார். எந்த ஊர், யாரோடு, என்ன வேலை, எப்போது போனான், எல்லாம். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. ஆகவே அந்தப் பொய் முழுவதும் தமிழில் இருந்தது. சேரின் முன்னால் சிங்களத்தில் வாயைத் திறந்தபோது என்னிடம் இருந்தது பள்ளிக்கூடத்திலும் கடையிலும் பொறுக்கிய இருநூறு முந்நூறு சொல். பொய் சொல்ல அது காணாது. பொய்க்கு நிறையச் சொல் வேண்டும். அண்ணா. காலை. சைக்கிள். கடிதம். அம்மா அழுதார். அண்ணா இயக்கத்துக்குப் போனான். அது வரவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வந்துவிட்டது. எந்த ஆண்டு, எந்த ஒழுங்கை, அவனுடைய முழுப்பெயர், எல்லாம் வந்துவிட்டது.

சேர் தலையை நிமிர்த்தவில்லை. றெக்கோடரை நிறுத்தி, கசெற்றில் நாற்பத்தேழு என்று இலக்கம் எழுதினார்.

"சேர், அதை அழிக்கலாமோ?"

"இது தரவு, பிள்ளை. ஆரும் கேட்டினம் எண்டு தரவை அழிக்கேலாது."

"அண்ணாவின்ரை பேர் சொல்லிப்போட்டன்."

"நீ என்ன சொன்னாய் எண்டது எனக்குத் தேவையில்லை. எப்பிடிச் சொன்னாய் எண்டதுதான் தேவை. கசெற்றில உன்ரை பேர் இல்லை, இலக்கம்தான்."

"குரல் இருக்குத்தானே சேர்?"

"குரலுக்கு ஐடென்ரிற்றி காட் இல்லை" என்றார். நல்ல பகிடி சொல்லிவிட்ட மாதிரித் தானே சிரித்தார். பிறகு பிஸ்கற் பக்கற்றை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு வந்தேன். வாங்கியதற்காக என்னையும் எனக்குப் பிடிக்கவில்லை.

அதோடு முடியவில்லை. அவருடைய முறைப்படி ஒவ்வொரு கசெற்றையும் இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டுப் புள்ளி போடவேண்டும். "ஒராள் போட்டால் அது அபிப்பிராயம். ரெண்டு பேர் போட்டால்தான் அளவு." அந்த இரண்டாவது ஆள் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு சிங்களப் பெண் விரிவுரையாளர். சேர் அவரை மெடம் என்பார். கசெற்றுகள் வாரத்துக்கு ஒரு தடவை ஒரு துணிப்பையில் அந்த மெடத்திடம் போகும். அம்மாவிடம் சொல்லவும் முடியவில்லை. என்னை அடிக்கமாட்டார். அப்படியே நிலத்தில் இருந்துவிடுவார்.

ஒரு மாதம் கழித்து ஆமிக்காரர் எங்கள் லேனைச் சுற்றி வளைத்தார்கள். எல்லாரும் அடையாள அட்டையோடு படிகளில் நின்றோம். அதிகாரி ஒருவர் சேரின் வீட்டுக்குள் போய் அலுமாரி நிறையக் கசெற்றுகளைக் கண்டார். இவை என்ன என்று கேட்டார். வேறு ஆளாக இருந்தால் பாட்டு என்று சொல்லியிருப்பார். சேருக்கோ இருபது வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் அக்கறையாகக் கேட்கிறார். படிநிலை, இரண்டு பேர் புள்ளி போடுவது, பயந்த நாள் என்ற கேள்வி, எல்லாவற்றையும் அந்தச் செய்தி வாசிக்கிற சிங்களத்தில் சொன்னார். பயந்த நாளா என்று அதிகாரி திருப்பிக் கேட்டார். சேர் மகிழ்ச்சியோடு, "வேணுமெண்டால் ஒண்டு போட்டுக் காட்டட்டோ?" என்று அன்ரியைப் பார்த்துத் தமிழில் கேட்டுவிட்டு, அதிகாரியிடம் சிங்களத்திலும் கேட்டார்.

கதவுக்கு வெளியே நான் நின்றேன். அவருடைய விரல் கசெற் வரிசையில் மெதுவாக நகர்ந்ததைப் பார்த்தேன். முப்பது. முப்பத்தெட்டு. நாற்பத்தேழு இருந்த இடத்தைத் தாண்டியபோதுதான் அங்கே ஓர் இடைவெளி தெரிந்தது. என் கசெற் மெடத்திடம் போயிருந்தது. அவர் எடுத்துப் போட்டது இரண்டாம் மாடிப் பொடியனை நாய் கடித்த கதை. அதிகாரி சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அவர்கள் போன பிறகு சேர் படியில் நின்ற எங்கள் எல்லாரிடமும், "பாத்தீங்களோ, விளங்கப்படுத்தினால் விளங்கிக்கொள்ளுவினம்" என்றார். செல்வி அக்கா வாய்க்குள் சொன்னதை நான் இங்கே எழுதமுடியாது.

சேர் இறந்தது அதற்குப் பத்து நாள் கழித்து. மலர்ச்சாலையில் அவருடைய துறைத் தலைவர் பேசும்போது, அவர் சேர்த்த கசெற்றுகள் எல்லாம் பல்கலைக்கழக நூலகத்தில் அவருடைய பெயரில் பேணப்படும் என்றார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். யார் வேண்டுமென்றாலும் எடுத்துக் கேட்கலாம் என்றும் சொன்னார். நான் சோடாத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மா வந்து பின்வரிசையில் இருந்தார். மடியில் துணிப்பை. அன்ரி என்னைப் பார்த்து, "அது சேரின்ரை மெடம். தமிழ் தெரியாது. சோடா குடு" என்றார். நான் போய், சோடா எடுங்கள் மிஸ் என்று சிங்களத்தில் சொன்னேன். சொன்னது அவ்வளவுதான். அவர் சோடாவை எடுக்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நாற்பத்தேழு" என்றார், சிங்களத்தில், மிகவும் மெதுவாக.

அவர் என் கையில் இருந்த தட்டை வாங்கிப் பக்கத்துக் கதிரையில் வைத்தார். தாழ்ந்த குரலில், நான் விளங்கிக்கொள்ளும் அளவு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "திருஞானம் உனக்கு இரண்டு புள்ளி போட்டார். இரண்டும் அதற்குக் கீழும் வந்தால் ஆய்வில் சேராது. அந்தக் கசெற்றில் வேறு பிள்ளையைப் பதிந்துவிடுவோம். நான் ஐந்து போட்டேன். நீ சொன்னதைக் கேட்டு எனக்கு அன்றைக்கு நித்திரை வரவில்லை, அதனால் ஐந்து போட்டேன். இரண்டு பேரின் புள்ளியும் பொருந்தாவிட்டால் சேர்ந்து திரும்பக் கேட்கவேண்டும் என்பது விதி. அதற்கு நாள் வைத்திருந்தோம். அதற்குள் இப்படி ஆகிவிட்டது."

பிறகு பையை மடியில் இருந்து எடுத்து, தட்டுக்குப் பக்கத்தில், வாயைத் திறந்தபடியே வைத்தார். "இவற்றைத் திருமதி திருஞானத்திடம் கொடுக்க வந்தேன். சோடா குடித்து முடித்த பிறகு கொடுப்பேன்" என்றார். போத்தலை எடுத்துக்கொண்டு முகத்தைப் பெட்டிப் பக்கம் திருப்பினார். திருப்பியவர் பிறகு பார்க்கவே இல்லை. அவர் சோடா குடித்ததைப் போல மெதுவாக ஒருவர் குடித்ததை நான் கண்டதில்லை.

அன்று பின்னேரமே, அந்தப் பையில் இருந்து எடுத்த கசெற்றைச் செல்வி அக்காவிடம் கொண்டுபோனேன். அவரிடம் ஒரு ரேடியோ றெக்கோடர் உண்டு. எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா ஒன்றும் கேட்காமல் பதிந்தது அழியாமல் இருக்கச் சேர் கசெற்றின் மூலையில் உடைத்துவிட்டிருந்த ஓட்டையைக் கடதாசி வைத்து அடைத்து, வானொலியில் போன சினிமாப் பாட்டையும் சவர்க்கார விளம்பரத்தையும் இரண்டு பக்கமும் பதிந்தார்.

கடைசியில் அக்கா சொன்னார்: "அந்த மனுசன் உன்ன காப்பாத்தத்தான் ரெண்டு போட்டிருக்காரு புள்ள. வெளிய சொல்லாம செஞ்சிருக்காரு."

"இல்லை அக்கா. உங்களுக்கும் அவர் இரண்டுதான் போட்டவர்."

"எனக்கா? எப்ப?"

சொன்னேன். அக்கா, "அப்ப சரி, அந்தாளு போயிட்டது நல்லதுதான்" என்று சிரித்தார்.

அவரை அறிந்தவர்களே, நீங்களும் அக்கா முதலில் சொன்னதைத்தான் சொல்லுவீர்கள். செத்தவரைப் பற்றி நல்லதாக ஏதாவது இருக்கவேண்டும் என்று உங்களுக்கு ஆசை. எனக்கு அவரைத் தெரியும். ஒரு பிள்ளை அழுதுகொண்டு சொன்னதைக் கேட்டார், சொல்வளம் போதாது என்று கண்டார், இரண்டு போட்டார். இரக்கத்தால் ஐந்து போட்டவர் என்னை மாட்டிவிட இருந்தார். என்ன சொன்னேன் என்பதைக் காதில் வாங்காதவர் போட்ட இரண்டு என்னைத் தப்பவைத்திருக்கும். இதற்காக நான் அவருக்கு நன்றி சொல்லவேண்டுமா? சொல்லமாட்டேன்.

ஆனால் அவருடையது ஒன்றை நான் வைத்திருக்கிறேன். செத்த வீட்டில் கடதாசிகள் கட்டும்போது அட்டவணையில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். ஒன்றிலிருந்து ஆறு. தினமும் குளியலறையில் தண்ணீர் திறந்துவிட்டு, அண்ணா கனடாவில் இருக்கிற கதையைச் சிங்களத்தில் எனக்கு நானே சொல்கிறேன். சொல்லி முடித்துப் புள்ளி போடுகிறேன். முதல் நாள் இரண்டு. அது சரியான புள்ளிதான். இல்லாத சொற்களைச் செல்வி அக்காவிடமும் பள்ளிக்கூடத்திலும் கேட்டுச் சேர்த்தேன். அண்ணாவுக்கு இப்போது பனிச்சப்பாத்து உண்டு. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. அறையில் இன்னும் மூன்று பேர், அதில் ஒருவன் குறட்டை விடுகிறவன்.

நேற்று முன்தினம் பதிவு பார்க்கப் பொலிஸ்காரர் ஒருவர் வந்தார். வீட்டில் ஆண்பிள்ளை இல்லையா என்று சிங்களத்தில் கேட்டார். அம்மா என் பின்னால் நின்றார். நான் தொடங்கினேன். அவர் இடையில் குறுக்கிட்டார். அங்கே குளிராமே, தாங்குவானா என்றார். முதல் வருடம் கஷ்டப்பட்டான், இப்போது பழகிவிட்டது என்றேன். குறட்டை விடுகிறவனைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார். புத்தகத்தில் ஏதோ எழுதி மூடிவிட்டு, பாக்கியசாலி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நான் எனக்கு ஐந்து போட்டேன். ஆறு வர இன்னும் இருக்கிறது.

கதவைச் சாத்தியதும் அம்மா என் கையைப் பிடித்தார். "என்ன பிள்ளை இவ்வளவு நேரம் கதைச்சனீ?"

"அண்ணாவைப் பற்றி."

அம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்கவில்லை. பொலிஸ்காரர் சிரித்ததை மட்டும் பார்த்திருந்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்:

"சுகமா இருக்கிறானாமோ?"

ஓம் என்றேன்.